மலைமேல் பழைய டிராக்டர்: செல்ஃப், டைனமோ, பேட்டரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில், கேத்தி பள்ளத்தாக்கில் எங்கள் கொட்டகையில் ஒரு மேஸி பெர்குசன் 35 நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி. சுற்றுவட்டத்தில் டாஃபே 1035, மித்சுபிஷி சக்தி என்று இன்னும் சில பழைய வண்டிகள் ஓடுகின்றன. சரிவு நிலத்தில் மண்வெட்டியும் பவர் டில்லரும்தான். பள்ளத்துச் சமநிலத்தில் உருளைக்கும் கேரட்டுக்கும் உழ இந்தச் சின்ன டிராக்டர்களை விட்டால் வேறு வழியில்லை. இவற்றின் எஞ்சின் லேசில் சாகாது. படுத்துவதெல்லாம் எஞ்சினைச் சுற்றி எழுப்பும் செல்ஃபும், பேட்டரிக்கு டைனமோ ஏற்றும் சார்ஜும்தான். இந்த விஷயத்தில் பல வருடமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் மோட்டார் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் பக்கத்தில் வீணாக நிறையப் பணம் செலவாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டீசல் எஞ்சினைச் சுற்றச் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு கரண்ட் போகும் பாதையில் துளி துரு இருந்தாலும் வோல்ட் அங்கேயே செத்துவிடும். ஹாரன் அடிக்கும், லைட் எரியும், ஏனென்றால் அவற்றுக்கு வேண்டியது சில ஆம்பியர்தான். செல்ஃபுக்கு மட்டும் போதாது. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃபும் நன்றாக இருக்கிறது, நடுவில் பாதை அடைத்திருக்கிறது.

ஒரு தை மாதக் காலையில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து கூப்பிட்டார். 1035. ஒரு பட்டறையில் செல்ஃப் போய்விட்டது என்று சொல்லி வேறு செல்ஃப் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பணம் கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் மறுபடி அதே ‘டக்’. பானெட் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவரை நாலைந்து தடவை சாவி போடச் சொல்லிவிட்டு, பேட்டரியில் இருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். வண்டி முழுக்க ஐஸாக இருக்க, அந்தப் பட்டையின் ஒரு முனை மட்டும் கை வைக்க முடியாத சூடு. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட், அதற்குக் கீழே துரு. பின்னல் செம்புப் பட்டையை லேசாக வளைத்தேன், பச்சைப் பொடியாக உதிர்ந்து கையில் ஒட்டியது. பாதி இழைகள் ஏற்கனவே அறுந்திருந்தன. புதுப் பட்டை ஒன்று போட்டு, இரும்பைப் பளபளவென்று தேய்த்து முறுக்கினோம். முதல் சாவியிலேயே எஞ்சின் சுற்றியது. கழற்றிய பழைய செல்ஃபில் ஒரு குறையும் இல்லை என்று அப்புறம் தெரிந்தது.

எனவே முதலில் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் ஓடிவிடக் கூடாது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள்; கிளாம்பின் மேல் வைக்காதீர்கள், ஏனென்றால் கோளாறு குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் கூட இருக்கலாம். மறுமுனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. அடுத்து, பேட்டரியின் எர்த் குமிழுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவில் அதேபோல். இங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கடைசியாகப் பேட்டரியின் இரண்டு குமிழுக்கும் நடுவில். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும்.

மீட்டர் இல்லை. வேறு வழி உண்டா?

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். லைட் அடியோடு அணைந்துபோனால் பேட்டரியோ அதன் கிளாம்போ. லைட் துளியும் மங்காமல் ‘டக்’ மட்டும் வந்தால் செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை. சோலனாய்டின் (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தொடவில்லை. லைட் நன்றாக மங்கி, செல்ஃப் முக்கிக்கொண்டு நின்றால் பினியன் (எஞ்சினின் ஃபிளைவீலைப் பிடித்துச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) சிக்கியிருக்கலாம், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசலாம்.

‘டக்’ சத்தமே வரவில்லை என்றால் வேறு கதை. மேஸி 35-இல் கியர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹை-லோ லீவர் நடுவில், ஸ்டார்ட் நிலையில் இருந்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும். இதை மறந்துவிட்டு ஒயரை எல்லாம் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பனிக்காலக் காலையில் எடுப்பதே இல்லை. பேட்டரி மாற்ற வேண்டுமா?

குளிர் மூன்று பக்கத்தில் இருந்து அடிக்கிறது. ஈய-அமில பேட்டரி 0 டிகிரியில், வெயில் நேரத்தில் தரும் விசையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தரும். அதே நேரம் எஞ்சின் ஆயில் பாகு போல் இறுகி, சுற்றுவதற்கு அதிக விசை கேட்கும். மூன்றாவது, குளிர்ந்த காற்றை அழுத்தினாலும் டீசல் பற்றும் சூடு வருவதில்லை. இதற்கு மேல் நம் உயரம் வேறு. ஊட்டி 2,240 மீட்டர். கடற்கரையோடு ஒப்பிட்டால் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில் அரைச் சுற்றில் பிடிக்கும் எஞ்சின் இங்கே நாலு சுற்றுக் கேட்டால் அது வண்டியின் குற்றமில்லை.

இன்னொன்று, குளிர் காற்று கனமானது. ராத்திரி சரிவில் இருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். டிராக்டரைப் பள்ளத்தில் திறந்தவெளியில் விடாமல் கொஞ்சம் மேட்டில், கூரைக்குக் கீழ் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். மார்கழி, தை இரண்டு மாதமும் நான் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, காலையில் மாட்டுகிறேன். ஐந்து நிமிட வேலை.

ஆயிலைப் பாருங்கள். உங்கள் எஞ்சினின் புத்தகம் அனுமதித்தால் 20-40-க்குப் பதில் 15-40 ஆயில் ஊற்றுங்கள். சுற்றும் வேகம் உடனே கூடும்.

பேட்டரியை முடிவு கட்டுவதற்கு முன், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். முழுச் சார்ஜில் அளவு என்ன இருக்க வேண்டும் என்று பேட்டரியின் லேபிளில் போட்டிருக்கும். வகையைப் பொறுத்து 1.240-இல் இருந்து 1.280 வரை. முக்கியம், ஆறு செல்லும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்த பேட்டரி முடிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: குளிரில் அமிலம் அடர்த்தியாகும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். 10 டிகிரிக்கு 0.007 கணக்கு. 27 டிகிரிதான் அடிப்படை. 7 டிகிரிக் காலையில் 1.240 தெரிந்தால் உண்மையில் அது 1.226. ‘காலையில் பார்த்தேன், புல்லாக இருந்தது’ என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

வோல்ட் கணக்கு வேண்டுமென்றால்: வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 12.6-க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. காலியான பேட்டரியின் அமிலம் தண்ணீர் போல் நீர்த்திருக்கும்; கடும் உறைபனியில் உறையக் கூட வாய்ப்புண்டு. உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவே கூடாது, வெடிக்கும்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குளிரில் எஞ்சின் பிடிக்க உள்ளே சூடேற்றுவதுதான் ஹீட்டர். மித்சுபிஷியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். ஒயரை எடுத்துவிட்டு, ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பைப் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் பிளக்கின் தலைக்கும் நடுவில் பிடியுங்கள். எரிந்தால் பிளக் நல்லது, எரியாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பிளக் வழியாகக் கரண்ட் போய் லேம்ப்பை எரியவைக்கும். சில பழைய எஞ்சின்களில் பிளக்குகள் தொடராகக் கோத்திருக்கும். அதில் ஒன்று போனால் கோவில் திருவிழா சீரியல் பல்பு போல எல்லாமே போய்விடும்.

மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் வழி எஞ்சின்களில் தெர்மோஸ்டார்ட் என்று காற்றுக் குழாயில் ஒரே ஒரு சின்ன ஹீட்டர். தனியாக ஒரு குட்டி டப்பாவில் இருந்து டீசல் சொட்டி, அந்தச் சூட்டில் பற்றி, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். 15 முதல் 20 விநாடி ‘ஹீட்’டில் பிடித்துவிட்டுப் பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும். முக்கால்வாசி வண்டிகளில் அந்தக் குட்டி டப்பாவில் டீசலே இருக்காது, அல்லது குழாயில் காற்று பிடித்திருக்கும்.

ஹீட்டர் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். காற்றுக் குழாயிலேயே பற்றி வெடிக்கும். துணியில் டீசல் நனைத்துக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் பிடிக்கும் பழக்கமும் இங்கே இருக்கிறது. கொட்டகையில் வைக்கோல், சாக்கு எல்லாம் கிடக்கும் இடத்தில் அதைச் செய்யவே வேண்டாம். ஒரு பிளக் மாற்றும் செலவு அதைவிடப் பெரிது இல்லை.

பேட்டரிக்கு ஊற்றுத் தண்ணீர் ஊற்றலாமா? எங்கள் ஊற்று கண்ணாடி மாதிரி இருக்கும்.

குடிக்க அருமையான தண்ணீர், பேட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் தாதுக்கள் தகட்டில் போய் உட்காரும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். தகட்டுக்கு மேல் ஒரு விரல் அகலம் நின்றால் போதும். ஆசிட் சேர்க்கக் கூடாது. தலையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவுங்கள், மூடிகளை இறுக்கிவிட்டு. சோடா ஒரு சொட்டு உள்ளே போனாலும் அமிலம் கெட்டுவிடும். துடைத்துக் காயவைத்து, கிளாம்பை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மேகம் வந்து கொட்டகைக்குள் நுழையும் ஊரில் இது வருடத்துக்கு இரண்டு தடவையாவது தேவை.

டைனமோ சார்ஜ் காட்டவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெல்ட்டில் இருந்து. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தாழ வேண்டும். அதைவிடத் தொய்ந்தால் வழுக்கும், ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும். பெல்ட் பார்க்கச் சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் கண்ணாடி போல் மின்னினால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

அடுத்து, கோளாறு டைனமோவிலா, அதைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட் பெட்டியிலா என்று பிரிக்க வேண்டும். லூகாஸ் வகை டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு முனை இருக்கும், பெரியது டி. இரண்டு ஒயரையும் கழற்றி விலக்கி வையுங்கள். டி-யையும் எஃப்-ஐயும் ஒரு சின்னக் கம்பியால் ஒன்றாகக் கட்டி, அதற்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் வோல்ட் மீட்டர். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக வேகம் கூட்டுங்கள். முள் தயங்காமல் ஏறி 20 வோல்ட்டை நோக்கிப் போனால் டைனமோ பத்திரம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே விரட்டாதீர்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் கார்பன் பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று முனகினால் ஃபீல்டு காயில். நாலைந்து வோல்ட்டில் நின்றுபோனால் ஆர்மேச்சர்.

டைனமோ நல்லதென்றால் கட்-அவுட் பெட்டியைத் திறக்கலாம். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், பேட்டரி எர்த் கழற்றியிருக்க வேண்டும். காண்டாக்ட் முனைகள் கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாள் போதும். உள்ளே இருக்கும் ஸ்குரூவைத் திருகாதீர்கள். 12.7-க்கும் 13.3-க்கும் நடுவில் அது சேர வேண்டும் என்று அளந்து வைத்தது. குத்துமதிப்பாகத் திருகினால் ஒன்று பேட்டரி கொதிக்கும், இல்லை பட்டினி கிடக்கும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸில் ஆழமாகக் கிடந்தால் கட்-அவுட் முனை ஒட்டிக்கொண்டது என்று பொருள். பேட்டரி இப்போது டைனமோவைச் சுற்றப் பார்க்கிறது. உடனே பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். யோசிக்க நேரமில்லை, சில நிமிடத்தில் ஒயர் புகையும்.

டைனமோவின் பின்பக்க புஷ்ஷுக்கு ஒரு சின்ன ஆயில் துளை உண்டு. இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தாராளமாக ஊற்றினால் பிரஷ் எல்லாம் நனைந்து போகும்.

என் வண்டியில் பிளஸ் எர்த் என்கிறார்கள். யாரோ தப்பாக மாட்டிவிட்டார்களா?

இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்ஸைத்தான் உடம்பில் கட்டியிருந்தார்கள். அது பழுதல்ல. ஆனால் இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள், எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பேட்டரி வாங்கிவந்து மாட்டும் முன் எந்தக் குமிழ் எர்த்துக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பிளஸ் குமிழ் எப்போதும் கொஞ்சம் தடிமனாக இருக்கும். பார்த்ததும் பானெட்டுக்கு உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.

திருப்பி மாட்டுவதாக இருந்தால் டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். எஃப் முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் இல்லாத முனையில் இருந்து ஒரு கம்பியை எடுத்து எஃப் மேல் இரண்டு மூன்று தடவை லேசாகத் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். ஃபீல்டு காயில் வைத்த பழைய செல்ஃப் எப்படி மாட்டினாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், அதைத் தொட வேண்டாம்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?

உழவு வண்டிக்குப் போடலாம் என்பதே என் கருத்து. நம் நிலத்தில் டிராக்டர் வேகமாக ஓடுவதே இல்லை. சின்னப் பாத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு திருப்பம், பாதி நேரம் எஞ்சின் ஐட்லிங்கில். அந்த வேகத்தில் டைனமோ ஒன்றும் தராது. மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி லைட் போட வேண்டியிருக்கும், அப்போது கணக்கு இன்னும் இடிக்கும். ஆல்டர்னேட்டர் மெதுவான சுற்றிலேயே சார்ஜ் கொடுக்கும். ஆனால் மூன்று விஷயம்: வண்டி நெகட்டிவ் எர்த்துக்கு மாற வேண்டும், 22 ஆம்பியர் டைனமோவுக்குப் போட்ட ஒயர் பெரிய ஆல்டர்னேட்டருக்குத் தாங்காது, தடித்த ஒயர் இழுக்க வேண்டும், பழைய ஆம்பியர் மீட்டரும் தாங்காது, அதற்குப் பதில் வோல்ட் மீட்டர்.

வாரம் ஒரு நாள் ஓட்டும், ஆசையாக வைத்திருக்கும் வண்டி என்றால் டைனமோவையே பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது வண்டியோடு பிறந்தது. என் 35-இல் இன்னும் டைனமோதான்.

ஆல்டர்னேட்டர் வண்டி. மீட்டரில் பார்த்தால் 12.3 மேல் ஏறவே இல்லை.

எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். ஏறாவிட்டால் டேஷ்போர்டில் சார்ஜ் பல்பு சாவி போட்டதும் எரிகிறதா பாருங்கள். பல வகை ஆல்டர்னேட்டருக்கு அந்தக் குட்டி பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் முதல் உசுப்பல். பல்பு பீஸ் போனால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும். பல்பும் நன்றாக இருந்தால் அப்புறம் பெல்ட், பிரஷ், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதித்து வற்றும் முன் நிறுத்துங்கள்.

எங்கள் வீடு மேட்டில்தான். தினமும் இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்கிறோம். இதில் என்ன தப்பு?

நீலகிரியில் பாதி வண்டிகள் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன, எனக்குத் தெரியும். எஞ்சின் ஓட பம்ப்புக்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் செத்த பேட்டரியோடும் வண்டி பிடித்துக்கொள்ளும். அந்த வசதிதான் கோளாறைச் சரிசெய்யவிடாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போட வைக்கிறது.

டைனமோ வண்டிக்கு இதனால் மின்சாரக் கேடு அதிகமில்லை. ஆல்டர்னேட்டர் வண்டிக்கு உண்டு. முழுக்கச் செத்த பேட்டரியில் அதற்கு உசுப்பல் கிடைக்காது, சார்ஜ் ஆகாமலே நாள் முழுக்க ஓடும். சிலர் பேட்டரியையே கழற்றிவிட்டு உருட்டி ஓட்டுகிறார்கள். பேட்டரி இல்லாமல் ஓடினால் வோல்ட் தாறுமாறாக ஏறி டையோடு எரியும்.

ஆனால் நான் பயப்படுவது இதற்கெல்லாம் இல்லை. ஈரப்புல் மேல், பின்னால் கலப்பையோடு, கியரில் போட்டு கிளட்ச்சை விடும் நொடியில் பின்சக்கரம் வழுக்கினால் எஞ்சின் பிடிக்காது, வண்டி மட்டும் இறங்கும். பாத்திக்குப் பாத்தி ஆறடி இறக்கம் இருக்கும் ஊர் நம்முடையது. பள்ளத்தில் கவிழ்ந்த டிராக்டர் மேலே உட்கார்ந்திருந்தவரை விட்டுவைக்காது. ஒரு நாள் அவசரத்துக்குச் செய்வது வேறு. அதுவே தினசரி வழக்கமென்றால், வீட்டில் இருக்கிறவர்கள் அதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஸ்குரூடிரைவர் வைத்து சோலனாய்டை நேராக ஷார்ட் செய்யலாமா?

வேண்டாம். கீழே நின்று, பின்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் குனிந்து இதைச் செய்கிறார்கள். கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பிடித்த அடுத்த கணமே பின்சக்கரம் ஆள் மேல் ஏறும். நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்ச் இருப்பதே இதைத் தடுக்கத்தான். ஷார்ட் செய்யும்போது அதைத் தாண்டிவிடுகிறோம். சோதிக்க வேண்டுமென்றால் நியூட்ரல், கைப்பிரேக், சக்கரத்துக்குக் கல், ஸ்டாப் கம்பி இழுத்து வைத்தல், இவ்வளவும் செய்துவிட்டு செல்ஃபின் சின்ன முனைக்கு ஒரு நீள ஒயரில் கரண்ட் கொடுங்கள், தள்ளி நின்று.

செல்ஃப் ‘விர்ர்’ என்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை.

பெண்டிக்ஸ் வகை (பினியன் ஒரு திருகுத் தண்டில் தானே நகர்ந்து போய்ப் பிடிப்பது) என்றால் பினியன் அந்தத் திருகில் ஒட்டியிருக்கிறது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஆயில், கிரீஸ் தடவாதீர்கள். கிளட்ச் தூசி அதில் ஒட்டி மறுபடி இறுகும். சோலனாய்டு வகையில் ஒன்வே கிளட்ச் வழுக்கும், அதை மாற்றத்தான் வேண்டும்.

சில நேரம் கடகடவென்று பல் உரசும். மூன்று சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது அநேகமாக அதே மூன்று இடத்தில்தான் நிற்கும், அதனால் ஃபிளைவீலின் ரிங் கியர் அந்த மூன்று இடத்தில் மட்டும் தேயும். சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு கை அகலம் முன்பின் தள்ளுங்கள். இப்போது பிடித்தால் ரிங் கியர்தான் என்று உறுதி.

ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு அடுத்தது. ஆர்மேச்சரில் ஈயம் உருகித் தெறித்துப் போன செல்ஃபுகள் பல, பொறுமை இல்லாத காலைகளில் போனவை.

லாரியில் இருந்து கேபிள் போட்டு எடுக்கலாமா?

லாரி 24 வோல்ட் என்றால் கூடாது. செல்ஃப் வேகமாகச் சுற்றும், அதோடு ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், பல்பு எல்லாம் போகும். ஜீப், கார் போல 12 வோல்ட் வண்டியில் இருந்து எடுங்கள். நெகட்டிவ் எர்த் வண்டியில் பிளஸ்ஸுக்கு பிளஸ். மைனஸ் கேபிளின் கடைசி முனையைச் செத்த பேட்டரி மேல் கொடுக்காமல் எஞ்சின் இரும்பில் கொடுங்கள். பேட்டரி மேல் ஹைட்ரஜன் நிற்கும், பொறி அங்கே வேண்டாம்.

தென்மேற்கு மழையில் இரண்டு மாதம் வண்டியை எடுக்கவே மாட்டோம். என்ன செய்து வைப்பது?

கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஆடி மழை. கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி மழை. மாதம்தான் வேறு, செய்ய வேண்டியது ஒன்றே. முழுச் சார்ஜ் செய்து, எர்த்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். குளிரில் பேட்டரி தானாக இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும். அந்த விதத்தில் நம் ஊர் நல்ல ஊர். பாதிச் சார்ஜில் விட்டுவைத்தால்தான் தகட்டில் வெள்ளை சல்பேட் இறுகிப் பேட்டரி வீணாகும். மாதம் ஒரு தடவை சார்ஜர் போடுங்கள். 80 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 8 ஆம்பியர், அதற்கு மேல் அவசரப்படுத்த வேண்டாம்.

எர்த் மாட்டியிருந்தால் பேட்டரி இறங்குமா என்று பார்க்க, எர்த்தைக் கழற்றி அந்தக் கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் பிடியுங்கள். எல்லா சுவிட்ச்சும் அணைத்திருக்கும்போது அது எரிந்தால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. எலி கடித்த ஒயர்தான் எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம். கேரட் மூட்டையை டிராக்டர் பக்கத்தில் அடுக்கினால் எலி வரத்தான் செய்யும்.

பங்களாத் தோட்டத்தில் ஒரு பழைய அமெரிக்க புல்வெட்டும் டிராக்டர் இருக்கிறது. செல்ஃப், டைனமோ இரண்டும் தனித்தனியாகக் காணவில்லையே?

இரண்டும் ஒன்றேதான். 1961-இல் வந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் போன்ற வண்டிகளில் பெல்ட்டில் ஓடும் ஒரே மோட்டார் எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும், எஞ்சின் ஓடியதும் அதுவே டைனமோவாக மாறி சார்ஜ் கொடுக்கும். இதில் பெல்ட்தான் எல்லாம். தளர்ந்தால் ஸ்டார்ட்டும் ஆகாது, சார்ஜும் ஆகாது. பேட்டரி மாற்றிய பின் சார்ஜ் வராவிட்டால், ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு கம்பியால் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். லூகாஸ் முறையில் எஃப்-ஐத் தொடுவது போல இங்கே செய்யக் கூடாது, ரெகுலேட்டர் எரியும்.

பின்னாளில் வந்த கோலர் எஞ்சின்களில் ஃபிளைவீலுக்குள் காந்தமும் ஸ்டேட்டர் காயிலும் இருக்கும். 15 ஆம்பியர் வகையில் காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றி, எஞ்சின் முழு வேகத்தில் ஏசி வோல்ட் பார்த்தால் 28-க்குக் குறையக் கூடாது. அது சரியாக இருந்து சார்ஜ் இல்லை என்றால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் பெட்டி. அதைக் குற்றம் சொல்லும் முன் அதன் உடம்பு இரும்பில் துருவில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செல்ஃபையோ டைனமோவையோ ரீவைண்டிங்குக்குக் கீழே கொண்டுபோகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கழற்றும் முன் ஒயர்களைப் போன்கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே பழைய பிரஷ், புஷ் எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். எதை மாற்றினார்கள் என்று கையில் பார்த்தால்தான் தெரியும். பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்தார்கள் என்றால், டைனமோவில் செம்புத் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மைக்காவையும் தாழ்த்திவிட்டார்களா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் நகத்தில் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று இருந்தால் அதே இடத்தில் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், மேட்டுப்பாளையத்தில் இருந்து பர்லியாறு ஏறி வீடு வந்த பிறகு ஓடவில்லை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் அங்கேயே பெஞ்சில் பேட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். டைனமோ என்றால் பெல்ட் போட்டு ஓட்டி, வோல்ட் மீட்டரின் முள் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.